ஓடைப்பாடும் கோயில்பாடும்

புளியடித்துறையில் களங்கட்டிக்குச் சீட்டு எடுக்கிற நாளில், கொழும்புத்துறைச் சந்தியில் படுத்திருக்கிற நாய்கூட எழும்பிக் கோயில் முற்றத்துக்கு வந்துவிடும். அந்த நாய்க்கு வலையும் இல்லை, தோணியும் இல்லை. ஆனாலும் அடைக்கலத்தார் சீட்டு எடுப்பதைப் பார்க்காமல் விட அதற்கும் மனம் வராது.

ஆழமில்லாத பரவைக்கடலில் தடி ஊன்றி, தடிக்குத் தடி வலை கட்டி, மீன் தன்பாட்டில் உலாவி வந்து பட்டிக்குள் புகுந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் நிற்கிற ஏற்பாடுதான் களங்கட்டி. தடி ஊன்றுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். புளியடித்துறைக்கு இருபத்திமூன்று பாடு. மாசி பிறக்கமுன் வருகிற மெழுகுதிரித் திருநாளன்று பூசை முடிந்ததும், இருபத்திமூன்று துண்டுகளை எழுதிப் பித்தளைச் செம்புக்குள் போட்டு, பங்குச்சுவாமி அதற்குச் சிலுவை போடுவார். வயதில் மூத்தவர்களில் தொடங்கி ஒவ்வொருவராய்க் கையை விட்டு எடுப்பார்கள். கையில் வந்தது கடவுள் தந்தது. அதை மாற்றவும் ஏலாது, கொடுக்கவும் ஏலாது.

இருபத்திமூன்றிலும் ராசா ஓடைப்பாடு. ஆழத்து நீரோட்டம் அதன் வாசலால்தான் போகும். ஓடைப்பாட்டில் வலை கட்டியவன் மீனைப் பிடிப்பதில்லை, மீன்தான் வரிசையில் நின்று அவனைப் பிடிக்கும். கடைசி, கோயில்பாடு. அடைக்கலமாதா கோயில் மதிலுக்குக் கீழே முழங்கால் தண்ணீர், அதிலும் பாதி சாதாளைப் பாசி. மற்ற மீன்கள் ஊரை விட்டுத் தள்ளிவைத்த மீன்கள்தான் அங்கே வந்து அகப்படும். அதனால்தானோ என்னவோ, முன்னோர்கள் கோயில் கதவுச் சாவியான திறப்பை அந்தப் பாட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கோயில்பாடு எடுத்தவன் விடியமுன் கதவு திறந்து, விளக்கு ஏற்றி, திருந்தாதிச் செபத்துக்கு மணி அடிக்க வேண்டும். கடல் கைவிட்டவனைக் கோயிலாவது வைத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அடைக்கலநாதன் என்கிற அடைக்கலத்தார் ஏழு வருடம் தொடர்ந்து கோயில்பாட்டையே எடுத்தார். இருபத்திமூன்று துண்டில் ஒரே துண்டு ஒரே கைக்கு ஏழு தரம் வருவதற்கு எவ்வளவு சாத்தியம் என்று கணக்கு வாத்தியார் ஒருவர் கணக்குப் போடத் தொடங்கினார். மூன்று கொப்பி முடிந்தது. நாலாவது கொப்பி வாங்க மானிப்பாய்ப் பக்கம் பஸ் ஏறியவர் இன்னும் திரும்பி வரவில்லை.

ஊர் சிரித்தது. அவருடைய மனைவி லூர்த்தம்மா சிரிக்கவில்லை. மகள் தனுஷிகாவுக்கென்று கட்டத் தொடங்கிய சீதனவீடு, ஏழு வருடமாய் நிலைக்கு மேலே எழும்பவில்லை. கூரையில்லாத நடு அறைக்குள் ஒரு முருங்கை தானாக முளைத்து, சுவரை எட்டிப் பார்த்து, பிறகு சுவரை மறந்து, ஊருக்கே காய்த்தது. யன்னலால் கையை நீட்டிக் காய் பிடுங்குகிற வீடு யாழ்ப்பாணத்தில் அது ஒன்றுதான்.

ஆனால் கதவு திறப்பதற்கும் மணி அடிப்பதற்கும் இடையில் உள்ள அரைமணித்தியாலத்தைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. அடைக்கலத்தார் விளக்கை ஏற்றிவிட்டுக் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். செபமாலை உருட்டுவதில்லை. ஒன்றும் கேட்பதுமில்லை. முதல் வருடம் கேட்டார், ஓடைப்பாடுதான் கேட்டார். இரண்டாம் வருடம் கேட்க மறந்துபோனார். மூன்றாம் வருடத்திலிருந்து சும்மா இருந்தார். இருட்டுக்குள் கடலில் நிற்கும்போது பக்கத்துத் தோணியில் ஆள் இருக்கிறது, கதைக்காமலே, பீடி நெருப்புத் தெரியாமலே தெரியும் அல்லவா, அப்படி. அவ்வளவுதான். அதை ஆருக்கும் சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதல்ல, அது சொல்லுகிற அளவுக்கு ஒரு விசயமாக அவருக்கே படவில்லை.

எட்டாம் வருடம் செம்புக்குள் கையை விட்டவர், துண்டைப் பிரித்துப் பார்க்காமலே சங்கத் தலைவர் சவிரிமுத்தரிடம் நீட்டிவிட்டு, இடுப்பில் கிடந்த திறப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார். சவிரிமுத்தர் துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரின் கண்ணாடியை வாங்கிப் போட்டும் பார்த்தார்.

"ஓடை" என்றார்.

அன்று எழும்பிய கூச்சல் கோப்பாய்த் தோட்டங்களில் கிணறு இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதாம். லூர்த்தம்மா முற்றத்து மணலில் முழங்காலில் நின்றுவிட்டாள். கோயில்பாடு டிலக்ஷனுக்கு விழுந்தது. தை மாதம்தான் கலியாணம் முடித்த பொடியன்; புதுமாப்பிள்ளைக்கு விடியற்காலை நாலு மணி என்று ஒரு மணி இருப்பதே மறந்துபோயிருந்த காலம். அவன் முகம் காய்ந்த திருக்கை மாதிரிப் போனது. அடைக்கலத்தார் திறப்பை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். அந்த நேரத்தில்தான் அவருக்குள் ஒரு மரப்புத் தொடங்கியது. கால் விறைத்தால் உதறி உதறி நடக்கக் குத்திக் குத்தி உயிர் வரும். இதற்கு அப்படி உயிர் வரவில்லை.

ஓடைப்பாடு ஏமாற்றவில்லை. முதல் விடியலில் ஏறிய இறாலைப் பார்த்த கொம்பனிக்காரன், இது இறாலா அல்லது இறாலைத் தின்கிற சாதியா என்று கேட்டான். நீலக்கால் நண்டுகள் கூடையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வாகனத்தில் ஏறாத குறை. ஒட்டி, ஓரா, திரளி என்று தோணி தாழத் தாழ வந்தது. வாடைக்காற்று ஓய்ந்து, பனி கலைந்து, தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கிற மாசி மாதம். அடைக்கலத்தார் இருட்டோடு தடியூன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், மார்பளவு தண்ணீரில் இறங்கி, பட்டியின் கீழ்க்கயிற்றைக் காலால் தேடி எடுத்து, வலையைச் சுருக்கிச் சுருக்கி மீனை அள்ளிப் பறிக்கூடைக்குள் போடுவார். கை தன் வேலையைச் செய்யும். ஒரு நாள் நண்டு ஒன்று சுட்டுவிரலைக் கவ்வியிருந்தது. அவர் அதோடேயே கரைக்கு வந்து, மீனைத் தெரிந்து பிரித்து, சைக்கிள் உருட்டி வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கை நீட்டியபோதுதான் லூர்த்தம்மா கண்டாள்.

"இதென்ன இது, விரலிலை?"

"நண்டு" என்றார், நுளம்பு கடித்தது என்கிற மாதிரி.

லூர்த்தம்மா பரீட்சை வைத்தாள். ஓராமீன் தீயலை உப்பில்லாமல் வைத்துப் பார்த்தாள், சாப்பிட்டார். அடுத்த நாள் இரண்டு நாளின் உப்பையும் சேர்த்துப் போட்டாள்; சாப்பிட்டார். ஒடியல் கூழுக்கு மிளகாயை ஒரு கை கூட்டி அரைத்தாள். அயல் வீட்டுக்காரருக்கு அந்த மணத்திலேயே மூக்கு ஓடியது. அவர் குடித்து முடித்துப் பனையோலைப் பிளாவைக் கவிழ்த்து வைத்தார். நாவூறு என்று ஒருத்தி சொன்னாள், சீனி கூடிய சலரோகம் என்று இன்னொருத்தி. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு இரத்தம் தங்களுக்கு வாய்க்கவில்லையே என்று டொக்டர்கள் பெருமூச்சு விட்டு அனுப்பினார்கள்.

அதற்கிடையில் சீதனவீட்டுக்கு வளை ஏறியது. ஒரு அறைக்கு ஓடும் போட்டாயிற்று. நடு அறைக்குத் தச்சன் வந்தபோது முருங்கையைத் தறித்தார்கள். விழுகிற சத்தத்தில் லூர்த்தம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. அடைக்கலத்தார் கோடரியைக் கழுவி வைத்தார்.

ஓடையில் நிற்கும்போது மட்டும் அவர் காது கரைப்பக்கம் போகும். திருந்தாதி மணி அடிக்காது. அடித்தாலும், சூரியன் எழும்பி முகம் கழுவி முடிந்த பிறகு, டிலக்ஷன் கொட்டாவியோடு சேர்த்து இழுத்த மாதிரி இரண்டு அடி. அவர் தண்ணீருக்குள் நின்று தானே திருந்தாதி சொல்லிப் பார்த்தார். சொல் எல்லாம் சரியாக வந்தது. பக்கத்துத் தோணியில் ஆள் இல்லை.

தவக்காலத்தின் மூன்றாம் கிழமை, மோட்டார்ச் சைக்கிளில் ஏறப்போன பங்குச்சுவாமியை அவர் மறித்தார்.

"சுவாமி, எனக்கு ஓடை வேண்டாம்."

"ஏன் அடைக்கலம், மீன் படேல்லையோ?"

"மீன் கூடிப்போச்சுச் சுவாமி."

இளம் சுவாமி. தலைக்கவசத்தைக் கழற்றினார். ஏழு வருடம் பொறுமையாக இருந்ததற்குக் கடவுள் தந்த ஆசீர்வாதம் இது என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார். யோபுவையும் கூப்பிட்டார், யோசேப்பையும் கூப்பிட்டார். சீட்டுக்குச் சிலுவை போட்டது தன்னுடைய கை என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

"உங்கடை சிலுவையிலை ஒரு பிழையும் இல்லைச் சுவாமி" என்றார் அடைக்கலத்தார். "விடியக்காலமை நான் ஓடையிலை நிக்கிறன். அவர் அங்கை இல்லை."

"கடவுள் எல்லா இடத்திலையும் இருக்கிறார், அடைக்கலம்."

"ஓம் சுவாமி, அவர் இருக்கிறார். நான்தான் எல்லா இடத்திலையும் இல்லை."

சுவாமி தலைக்கவசத்தைத் திரும்பப் போட்டார். பிறகு சைக்கிளை உதைத்தார். மூன்று தரம் உதைத்தும் அது பிடிக்கவில்லை.

மாற்ற ஏலாத சீட்டிலும் ஒரு வழி இருந்தது. மூன்று விடியல் தொடர்ந்து பட்டியைத் தூக்காமல் விட்டவன் பாட்டைக் கைவிட்டவன். அந்தப் பாடு கோயில் திறப்பு வைத்திருக்கிறவனுக்குப் போகும். கைவிட்டவன், அவன் இல்லையென்றால் அவன் வீட்டார், திறப்பை எடுக்க வேண்டும். கடலில் காணாமல் போனவர்களுக்காகவும் கப்பலேறிப் போனவர்களுக்காகவும் வைத்த வழக்கம். சுகமாய்க் கரையில் இருந்துகொண்டு எவனும் அதைப் பாவித்ததில்லை.

அப்படிக் கைவிடப்போவதாக அவர் சொன்னபோது லூர்த்தம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இஞ்சேருங்கோ. ஏழு வருசம் முருங்கைக்காய் காய்ச்சினன். ஒரு சொல்லுச் சொன்னனானே?"

ஏழு வருடத்தில் அவள் சொன்ன சொற்களைக் கோர்த்தால் மண்டைதீவுக்கு இன்னொரு பாலம் கட்டலாம். அவர் அதைச் சொல்லவில்லை.

"கடவுளுக்குக் கிட்ட இருக்கிறதெண்டால் மகளின்ரை தலைக்கு மேலை கூரை இல்லாமல் கிடக்கோணுமோ? எந்த வேதத்திலை கிடக்கு உது? வீட்டிலை இருந்து கும்பிடுங்கோ, தோணியிலை இருந்து கும்பிடுங்கோ, ஆர் வேண்டாமெண்டது?"

அவள் சொன்னதில் ஒரு இடத்திலும் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. தனுஷிகா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்துக் குரல் எப்போதும் தணிந்துதான் வரும்.

"அப்பா, சித்திரைக்குள்ளை கூரை முடியாட்டி மாப்பிள்ளை வீட்டுக்காரர் கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளுவினம். தள்ளட்டும். ஆனா ஏனெண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

"தெரியேல்லைப் பிள்ளை" என்றார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் போட்டுச் சாத்தியிருந்தால் அவருக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

முதல் விடியல் அவர் ஓடைக்குப் போகவில்லை. கோயில் பூட்டிக் கிடந்தது, படியில் இருந்தார். புளியடித்துறையின் நல்ல மனதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஓடையில் ஆளைக் காணவில்லை என்றதும், அடைக்கலத்தாருக்கு ஏதோ நோய் வருத்தம் என்று முடிவு கட்டி, நாலு தோணி போய் அவருடைய பட்டியைத் தூக்கி, ஒரு மீன் குறையாமல் வீட்டில் கொண்டுவந்து இறக்கியது. கூடவே இளநீர், பிஸ்கற், செபமாலை சொல்ல ஆறு பெண்கள். செய்தி பாசையூருக்குப் போனபோது அவருக்குப் பாரிசவாதம். குருநகரில் பேச்சு இழுத்துவிட்டது. நாவாந்துறைக்குப் போய்ச் சேரும்போது அவர் செத்துப்போயிருந்தார். அங்கேயிருந்து லூர்த்தம்மாவின் மச்சாள் போன் எடுத்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். லூர்த்தம்மா அன்று தன் புருசனை மூன்று தரம் உயிரோடு இருப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. மூன்றாவது தரம் அவளுக்கே அதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை.

பின்னேரம் அடைக்கலத்தார் சவிரிமுத்தரிடம் போனார்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அண்ணை. என்ரை வலையை ஒருத்தரும் தூக்க வேண்டாம்."

சவிரிமுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வருத்தம் இல்லையெண்டு சொல்லுறவனுக்குத்தான்ரா பெரிய வருத்தம்." பிறகு முகம் கறுத்தது. "பட்டியிலை மீன் செத்தால் அந்தப் பழி உனக்கு. இண்டைக்குப் பெடியள் தூக்கினது தூக்கினதுதான். நாளையிலையிருந்து எண்ணு."

அடுத்த நாள் டிலக்ஷன் கொஞ்சம் வேளைக்கு வந்து கதவைத் திறந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், திரும்பிப் போய்ப் படுத்தான். அடைக்கலத்தார் கடைசி வாங்கில் இருந்தார். அதே வாங்கு, அதே விளக்கு, அதே வௌவால் எச்ச மணம். இருந்தார். ஒன்றும் வரவில்லை. கை மரக்கட்டையாய் மடியில் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தார். பீடத்துக்கு மேலே உள்ள சுரூபத்தைப் பார்த்தார். அது சுரூபமாய் இருந்தது. ஓடையில் மட்டும்தான் ஆளில்லை என்று நினைத்திருந்தார். இங்கேயும் இல்லை. ஊர் முழுக்க அவரோடு கதைக்காமல் விட்டிருந்தது. வீட்டில் தண்ணீர்ச் செம்பை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவையும் கவிழ்த்துவிட்டு வந்து இருக்கிற இடம் வெறும் இடமாய்க் கிடந்தது. திரும்பி ஓடைக்குப் போகலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. இன்னும் ஒரு விடியல் மிச்சம் இருந்தது. அந்த நினைப்பிலும் உயிர் இல்லை.

மூன்றாம் விடியல் அவர் எழும்பியபோது பாயில் லூர்த்தம்மா இல்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. படியில் இருந்தார். கிழக்கு வெளுத்தது. கடற்பக்கத்து ஒழுங்கையால் ஒரு உருவம் வந்தது. சீலை நெஞ்சுவரை நனைந்து, காலோடு ஒட்டி, நடக்க நடக்கத் தண்ணீர் சொட்டி. லூர்த்தம்மாவுக்குத் தோணி ஓட்டத் தெரியும் என்பது அவருக்குக் கலியாணத்துக்கு முன்னரே தெரியும். அவளுடைய அப்பனின் தோணியில்தான் அவர் அவளை முதன்முதல் கண்டார். ஆனால் அவள் தடியைத் தொட்டு முப்பது வருடம்.

"தூக்கப் போனனான்" என்றாள். மூச்சு வாங்கியது. "ஓடை போகக் கூடாதெண்டுதான் போனனான். உங்களைக் கேளாமல் தூக்கிப்போட்டு வந்து, இனி என்ன செய்வாய் பாப்பம் எண்டு நிக்கிறதுக்குத்தான் போனனான்."

அவர் படியிலிருந்து எழும்பினார்.

"கயிறும் கையிலை வந்திட்டுது. மூண்டு நாள் மீன். தண்ணி தெரியேல்லை, மீன்தான். செத்தது பாதி, எல்லாம் கண்ணை முழிச்சுக்கொண்டு." முந்தானையைப் பிழிந்தாள். "மணி அடிக்கும் எண்டு நிண்டனான். ஏனெண்டு தெரியாது, மணி கேட்டாப் போலை தூக்குவம் எண்டு நிண்டனான். அடிக்கேல்லை. ஏழு வருசமா, படுக்கையிலை மணி கேட்டால் நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். மற்றப்பக்கம் திரும்பிப் படுப்பன். இந்த ஆறு கிழமையா எனக்குப் பக்கத்திலைதான் படுக்கிறியள். எங்கை நிக்கிறியள் எண்டு தெரியேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. பட்டியை அவிட்டு விட்டிட்டன். இருந்ததெல்லாம் போயிட்டுது."

பாடு தன் கைக்கு வருகிறதா என்று பார்க்க, ஓடையில் டிலக்ஷனின் தோணியும் நின்றதாம். அவன் ஒளிந்து நிற்க நினைத்து, ஒளியக் கடலில் ஒரு மரமும் இல்லாமல், குந்தியிருந்தானாம். அவள் அவனைக் கூப்பிட்டு, திறப்பை வாங்கிக்கொண்டு, நண்டுக்கு இடப்பக்கத்து வாசலைக் கொஞ்சம் அகட்டிக் கட்டு என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நடு அறைக்குத் தகரம்தான் போடலாம்" என்றாள். "மகளுக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்லமாட்டன்."

திறப்பை அவர் கையில் வைத்தாள். மீன் செதிள் ஒட்டியிருந்தது. அவர் கதவைத் திறந்தார், விளக்கை ஏற்றினார். ஆண்கள் பக்கம், கடைசி வாங்கில் இருந்தார். லூர்த்தம்மா பெண்கள் பக்கம் போகாமல், பிறந்ததிலிருந்து ஒருநாளும் இருக்காத அந்தப் பக்கத்தில், ஈரச்சீலையோடு அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். வாங்கில் தண்ணீர் ஊர்ந்து அவருடைய சாரத்தையும் நனைத்தது.

"லூர்த்து" என்றார். "ஒண்டு சொல்லோணும்."

"சொல்லுங்கோ."

"இஞ்சையும் ஒண்டும் இல்லை. ரெண்டு நாளா வந்து இருக்கிறன். மரத்துப்போய்க் கிடக்கு. ஆள் இருக்கிற மாதிரித் தெரியேல்லை. வீணாய் உன்னையும்…"

லூர்த்தம்மா பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்களோடை முப்பத்திரண்டு வருசம் இருக்கிறன்" என்றாள். "எத்தினை நாள் எனக்கும் உப்பிடித்தான். எழும்பிப் போனனானே?"

வெளியே காகம் கத்தத் தொடங்கியிருந்தது. திருந்தாதிக்கு நேரம் பிந்திவிட்டது. அடைக்கலத்தார் எழும்பிப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். கயிறு கையில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் பிடித்தார்.

இழுத்தார்.